சுத்தமான வட்டமாக வரைந்தும் ஆங்கில 'ஓ' சின்னதாகத் தெரிகிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். ஒரு கடைக்கு ஏசிபி (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) போர்டு செய்கிறேன். 'ஹோட்டல்' (HOTEL) என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில், ஃபியூச்சுரா என்ற எழுத்துரு மாதிரி தடியான எழுத்தாக கோரல்டிரா வரைகலை மென்பொருளில் நானே வரைந்தேன். எல்லா எழுத்தும் 12 அங்குல உயரம். கோடுகள் எங்கும் 3 அங்குலத் தடிமன். 'ஓ'வுக்கு வட்டக் கருவியிலேயே வட்டம் போட்டேன். முழு அளவில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் 'ஓ' மட்டும் சிறுத்து அந்தரத்தில் நிற்கிறது. 'டி'யின் மேல்கோடு அதன் காலைவிடத் தடியாகத் தெரிகிறது. மூன்று முறை அளந்துவிட்டேன், அளவு சரிதான். எங்கே தப்பு?

பதில்:
தம்பி, வட்டம் உயரத்தின் மேல் எல்லையை ஒரே புள்ளியில்தான் தொடுகிறது. 'ஈ'யின் மேல்கோடு முழு அகலத்துக்கும் படிந்து நிற்கிறது. அதனால் உயரம் ஒன்றாக இருந்தாலும் வட்டம் குட்டையாகப் படும். மேலே 4 மில்லிமீட்டர், கீழே 4 மில்லிமீட்டர் வெளியே தள்ளுங்கள். படுக்கைக் கோடும் கண்ணுக்குக் கொஞ்சம் தடித்தே தெரியும். 'டி', 'ஈ', 'எல்' மூன்றிலும் அதை 2.7 அங்குலம் ஆக்குங்கள். 'ஓ'வின் உச்சியையும் அடியையும் அதே மாதிரி மெலியுங்கள்.

பால் ரென்னர் வரைந்து, 1927-இல் ஜெர்மனியின் பாவர் அச்செழுத்து வார்ப்பகம் வெளியிட்ட ஃபியூச்சுராவையே திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். காம்பஸ் வைத்துப் போட்டது போல இருக்கும், ஆனால் கோடு இடத்துக்கு இடம் மாறும். அந்த எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் திருத்தங்கள்தான். 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த பலகையிலும் அந்த எழுத்துதான் இருக்கிறது.

கேட்டவர்:
அண்ணா, 'ஓ' உட்கார்ந்துவிட்டது! ஆனால் 'ஓ'வுக்கும் 'டி'க்கும் நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது. அப்புறம், கீழே தமிழில் 'உணவகம்' வேண்டும். பாப்பின்ஸ் எழுத்துரு போட்டால் வேறு எழுத்து வருகிறது. அதற்கே அவுட்லைன் கொடுத்துத் தடித்தேன், 'ண'வின் சுழி அடைத்துக்கொண்டது.

இன்னொரு பதில்:
பாப்பின்ஸில் தேவநாகரியும் லத்தீனும்தான் உண்டு, தமிழ் இல்லை. அதனால் மென்பொருள் வேறொன்றை எடுத்துப் போடுகிறது. அவுட்லைன் வெளியே வளர்வது போலவே உள்ளேயும் வளரும், சுழி அடைபடாமல் என்ன செய்யும்? தடித்த எழுத்தாகவே வரைந்ததை எடுங்கள். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான் எழுத்துருவில் ஒன்பது தடிமன்கள் உண்டு, இருப்பதிலேயே தடியான 'பிளாக்'கைப் போடுங்கள். பெயரே நம் கட்டுமரம்தான். இலவசமாகவே கிடைக்கிறது.

இடைவெளியை டேப்பால் அளக்காதீர்கள். 'டி'யின் கைக்குக் கீழே காலியிடம் இருக்கிறது, 'ஓ'வை அந்தப் பக்கம் நெருக்குங்கள். அச்சைத் தலைகீழாக ஒட்டிப் பார்த்தால் சொல் மறைந்து சந்துகள் மட்டும் தெரியும். ஒன்று மட்டும் கேளுங்கள்: போன் நம்பரை இதே தடிமனில் போடாதீர்கள். தூரத்தில் 6, 8 இரண்டின் ஓட்டையும் அடைந்து ஒன்றுபோலத் தெரியும். 'மீடியம்' என்ற நடுத்தரத் தடிமன் போதும்.

கேட்டவர்:
நம்பரை மாற்றிவிட்டேன். 'ண'வின் சுழிக்குள் இப்போது வெள்ளை தெரிகிறது. மறுபடி ஒட்டியதும் கடைக்காரர் எதிர்ப்பக்கம் போய் நின்று, "எல்லாம் ஒரே உயரமா வந்துடுச்சே" என்றார். நாளை வெட்டக் கொடுக்கிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.