இரண்டாவது வரியை அவர் முதலில் பாடிவிட்டார்

எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பக்திப் பாடல் கேசட் போட முடிவானபோது, மெட்டுப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த காலம். ஒரு பல்லவி மட்டும் திண்டுக்கல்லில் பஸ் ஏறி மதுரையில் இறங்குவதற்குள் முழுதாக வந்துவிட்டது. மோகன ராகம். அம்மன் அருள் என்றே நினைத்தேன்.

ஒத்திகையில் முதல் வரியை வாசித்து நிறுத்தினேன். தபலாக்காரர் சுத்தியலால் கட்டையைத் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டே அடுத்த வரியை முணுமுணுத்தார். நான் இன்னும் வாசிக்காத வரி! ஒரு ஸ்வரம் பிசகவில்லை.

“எப்படி அண்ணே தெரியும்?”

“கச்சேரி கச்சேரியாக வாசித்த பாட்டுதானே, தம்பி” என்று ஒரு பழைய சினிமாப் பாட்டைச் சொன்னார். காது சுட்டது. சத்தியமாக நான் திருடவில்லை. ஆனால் சிறுவயதில் வீட்டு ரேடியோவில் தினமும் கேட்ட பாட்டு அது.

பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனின் வழக்கைப் பிற்பாடு படித்தபோது என் கதையையே படிப்பது போலிருந்தது. 1970இல் வந்த அவருடைய ‘மை ஸ்வீட் லார்ட்’, 1963இல் ஷிஃபான்ஸ் குழுவுக்குப் பெரும் வெற்றி தந்த ‘ஹீஸ் ஸோ ஃபைன்’ பாட்டின் மெட்டு என்று வழக்கு. நீதிமன்றத்தில் கிதாரை வாசித்தே காட்டினார் ஹாரிசன். நீதிபதி ரிச்சர்ட் ஓவனும் இசையமைப்பாளர்தான். வேண்டுமென்று எடுக்கவில்லை, ஆழ்மனம் எடுத்துக் கொடுத்திருக்கிறது, ஆனாலும் அது உரிமை மீறல்தான் என்று 1976இல் தீர்ப்பளித்தார். இரண்டு பாட்டிலும் ஒன்றாக வந்தவை இரண்டு சிறு ஸ்வரத் துண்டுகள்; நம் கணக்கில் ப க ரி, ப த ஸ த ஸ. எல்லாம் மோகனத்து ஸ்வரங்கள்! மோகனம் யார் வீட்டுச் சொத்தும் இல்லை. அந்தத் துண்டுகளை அதே வரிசையில், அத்தனை முறை அடுக்கியதில்தான் அவர் மாட்டிக்கொண்டார்.

கோயில் கமிட்டித் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். “கேட்ட பாட்டு மாதிரி இருந்தால்தானே சனம் கேட்கும்?” என்றார். பிடிவாதமாக வேறு மெட்டுப் போட்டேன். ஒரு வாரம் பிடித்தது. திருவிழா பத்து நாளும் ஒலிபெருக்கியில் ஓடியது. ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை.