முக்கோணம் கவுந்துகினு கீது டீச்சர்! – பிள்ளைகளுக்கு உருவம் சொல்லிக்கொடுத்த அனுபவங்கள்

காட்பாடி பால்வாடி டீச்சர்

போன மாசம் நடந்தது. எங்க மையத்துல 3 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் பதினேழு பிள்ளைங்க. சுவத்துல உருவங்கள் சார்ட் மாட்டியிருக்கேன். வட்டம், சதுரம், செவ்வகம், முக்கோணம். குச்சியால தொட்டா கோரஸா சொல்லுவாங்க, கேக்கறவங்களுக்கே ஆசையா இருக்கும். அன்னைக்கு அட்டையில வெட்டின முக்கோணம் ஒண்ணு கைதவறி விழுந்து, முனை பிள்ளைங்க பக்கம் பாத்தமாதிரி கிடந்தது. "இது என்ன?"ன்னேன். ஒருத்தரும் வாய் திறக்கல. கடைசியா நாலு வயசுப் பையன் ஒருத்தன் சொன்னான்: "டீச்சர், முக்கோணம் கவுந்துகினு கீது. நிமித்தி வெச்சாதான் முக்கோணம்."

ஆயா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. எட்டு மாசமா அவங்க படிச்சது முக்கோணம் இல்ல, அந்த சார்ட்ல இருக்கிற கூரை.

மறுநாள் மஞ்சப்பையில எலுமிச்சம்பழம், தீப்பெட்டி, வளையல், பம்பரம், மூடி போட்ட டப்பா எல்லாம் போட்டு, கண்ணை மூடிகினு கையை விடச் சொன்னேன். பேர் சொல்ல வேணாம், எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லணும். "குத்துது", "வழவழன்னு கீது", "ஓட்டை கீது". அப்புறம் உக்கார்ற பலகையைச் சாய்ச்சு வெச்சு, எது உருளும், எது வழுக்கும்னு பாத்தோம். ஒரு ரூபா காசை நான் படுக்க வெச்சா வழுக்கிச்சு, நிக்க வெச்சா உருண்டுச்சு. ஒரு பாப்பா அதை மட்டும் இருபது தடவை செய்யச் சொல்லுச்சு. காசை என் கையிலேயே வெச்சிருந்தேன். கொடுத்தா நேரா வாய்க்குத்தான் போவும்.

இதுல எனக்கே ஒண்ணு உறைச்சுது. இத்தனை வருஷமா பந்தைக் காட்டி "வட்டம்"னு சொல்லிகினு இருந்திருக்கேன். பந்து உருண்டை. வளையல்தான் வட்டம். நம்ம பாஷையில ரெண்டுக்கும் தனித்தனிப் பேர் இருந்தும் நாமளே குழப்பறோம்.

ஆனா கவுந்த முக்கோணம் இன்னும் கவுந்தேதான் கிடக்குது. யாராவது வேற வழி செஞ்சு பாத்திருக்கீங்களா?

ஆம்பூர் அப்பா

நான் ஷூ கம்பெனியில கட்டிங். தோல்ல தழும்பு, ஓட்டை இருக்கிற இடத்தை விட்டுட்டு, டையை, அதான் வெட்டற அச்சை, நெருக்கி நெருக்கி வெச்சு வெட்டணும். வீணாச்சுன்னா பேச்சு வாங்கணும். வெட்டினது போக விழற துண்டைக் கேட்டு வாங்கியாந்து பொண்ணுக்கு விளையாடக் குடுத்தேன். அவளுக்கு அஞ்சு வயசு. சோடா மூடியை வெச்சு நாலு வட்டம் வரைஞ்சு வெட்டினோம், ஒண்ணை ஒண்ணு தொட்டாப்ல. நடுவுல ஒரு துண்டு மிஞ்சுச்சு. நாலு முனை, நாலு பக்கமும் உள்ள குழிஞ்சு. "நைனா, இது யார் வெட்டினது?"ன்னா. யாரும் வெட்டல, தானா வந்துச்சும்மான்னேன். அவ நம்பல. திரும்ப வரைஞ்சோம், திரும்பவும் வந்துச்சு. அடுத்து சதுரமா வரைஞ்சோம், நடுவுல எதுவும் மிஞ்சல. "சதுரம் நல்ல புள்ள, வேஸ்ட் பண்ணாது"ன்னா. பதினோரு வருஷமா நான் செய்யற வேலையை ஒரே வரியில சொல்லிட்டா.

வீட்டுல திட்டு விழுந்ததையும் சொல்லிடறேன். பதம் போட்ட தோல்ல ரசாயனம் இருக்கும், சின்னப்புள்ளைங்க கடிக்கும். இப்ப பழைய காலண்டர் அட்டைக்கு மாறிட்டோம். கத்திரி மட்டும் என் கையில.

குடியாத்தம் அம்மா

டீச்சர், சைக்கிள் கடையில வால்வ் டியூப் கேளுங்க. மெலிசா, கருப்பா நூடுல்ஸ் மாதிரி இருக்கும். அதை ரெண்டு சென்டிமீட்டர் துண்டா நறுக்கிக்கணும். கூடவே தீக்குச்சி. எங்க ஊர்ல மருந்து முக்காத குச்சியே கிடைக்கும். இல்லன்னா மருந்தைச் சுரண்டிடுங்க. நுனியை லேசா ஈரம் பண்ணி டியூப்புக்குள்ள சொருகினா மடங்கற மூட்டு ரெடி. மூணு குச்சி மூணு துண்டுன்னா முக்கோணம், நாலுக்கு நாலுன்னா சதுரம். மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் பக்கம் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்காக அரவிந்த் குப்தா பண்ணினது இது.

விஷயம் என்னன்னா, சதுரத்தை ஓரமா அமுக்கினா சாஞ்சுடும். முக்கோணத்தை எப்படி அமுக்கினாலும் அசையாது. என் பையன் அதை மிதிச்சே பாத்தான். குச்சி உடைஞ்சுதே தவிர உருவம் மாறல. கையில எடுத்து அப்படி இப்படித் திருப்பிகினே இருக்கிறதால தலைகீழுன்னு ஒண்ணு இருக்கிறதே அதுங்களுக்குத் தோணாது. மூணு வயசுக்கு மட்டும் குடுக்காதீங்க, மூக்குல விட்டுக்கும்.

ஆற்காடு, ஓய்வுபெற்ற ஆசிரியர்

டீச்சர் வருத்தப்பட வேண்டாம். அந்தப் பையன் சொன்னது உலகத்துப் பிள்ளைகள் எல்லாரும் சொல்வது. நெதர்லாந்தில் வான் ஹீலே தம்பதியர், இருவரும் கணித ஆசிரியர்கள், 1957-இலேயே இதை விளக்கிவிட்டார்கள். தொடக்கத்தில் குழந்தை உருவத்தை மொத்தத் தோற்றமாகத்தான் அடையாளம் காண்கிறது. "கதவு மாதிரி இருக்கு, அதனால் செவ்வகம்." பக்கம், முனை என்று பிரித்துப் பார்ப்பது அடுத்த படி. அந்தப் படி வயது ஏறினால் தானாக வந்துவிடாது, கையில் எடுத்துச் செய்தால்தான் வரும் என்பது அவர்கள் கட்சி. சதுரத்தை முனையில் நிறுத்தினால் "டைமன்" என்று சொல்லும் பிள்ளைகளை நான் ஐந்தாம் வகுப்பில்கூடப் பார்த்திருக்கிறேன். சீட்டாட்டக் குடும்பம் என்று நினைத்துக்கொள்வேன்.

2007-08 வாக்கில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது பாட அட்டைகளும், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படிப் படமும், பாயில் உட்காரும் வழக்கமும் வந்தன. அதில் நல்லது நிறைய. ஆனால் அட்டையும் தட்டைதானே? நான் ஒரு மரக் கனசதுரத்தின் ஒரு முகத்தின் நடுவில் ஆணி அடித்து, நூல் கட்டித் தொங்கவிட்டு முறுக்கி விடுவேன். வேகமாகச் சுற்றும்போது உருளை மாதிரித் தெரியும். நின்றால் மறுபடி கனசதுரம். இது என் சொந்தச் சரக்கு அல்ல. 1837-இல் ஜெர்மனியில் முதல் கிண்டர்கார்டனைத் தொடங்கிய ஃப்ரோபல், பிள்ளைகளுக்கு என்று செய்துவைத்த பொருள்களில் உருண்டை, உருளை, கனசதுரம் மூன்றையும் இப்படி நூலில் தொங்கவிட்டார். என் வகுப்பில் ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, "சார், அதுக்குள்ள வேற ஒண்ணு ஒளிஞ்சிகினு கீது" என்றாள். அதற்குமேல் நான் என்ன விளக்க?

இன்னொன்று. முக்கோணம் அல்லாததையும் காட்டுங்கள். ஒரு பக்கம் வளைந்தது, ஒரு மூலை சேராதது. சமோசா முக்கோணமா என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் ஓடிவிடும்.

வேலூர், எல்கேஜி அம்மா

எங்க பொண்ணு ஸ்கூல்ல எல்லாம் ஒர்க்‌ஷீட்தான். வட்டத்துக்கு சிவப்பு, சதுரத்துக்கு நீலம். கோடு தாண்டினா ஸ்டார் கிடையாது. கேட்டா "ஆக்டிவிட்டி"ங்கறாங்க. இப்ப அவ சிவப்பா எதைப் பாத்தாலும் வட்டம்ங்கறா. தக்காளின்னா போகட்டும், எல்ஐசி டைரியையும் வட்டம்ங்கறா.

ஸ்ரீபுரம் தங்கக்கோயிலுக்குக் கூட்டினு போனோம். அங்க பாதையே நட்சத்திர வடிவம். "எங்கம்மா நட்சத்திரம்?"னு வழி முழுக்கக் கேட்டுகினே வந்தா. நடக்கறப்ப எங்க தெரியும்? வீட்டுக்கு வந்து மேல இருந்து எடுத்த போட்டோவை போன்ல காட்டினேன். விரலால பாதையைத் தடவிகினே போயி, ஒரு முனையில நிறுத்தி, "இங்கதான் எனக்கு கால் வலிச்சுது"ன்னா.

காட்பாடி பால்வாடி டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. வால்வ் டியூப் இருபது ரூபாய்க்கு வாங்கினேன், வேணும்ங்கறதுக்கு மேலயே இருக்கு. பெரிய பிள்ளைங்க ஆறு பேருக்கு மட்டும் குடுத்தேன், சின்னதுங்களை ஆயா வெளிய மணல்ல கோடு போடக் கூட்டிப் போயிட்டாங்க. சதுரம் சாஞ்சதும் "டீச்சர், படுத்துகிச்சு"ன்னு ஒரே கூச்சல். முக்கோணத்தை ஆளாளுக்கு அமுக்கிப் பாத்தாங்க. அந்தப் பையன் தன்னோடதை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு தடவையும் முனையைத் தொட்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு எண்ணினான். நான் எண்ணச் சொல்லல.

சமோசா பஞ்சாயத்து இன்னும் முடியல. கடிச்சதுக்கு அப்புறம் அது முக்கோணமான்னு புதுசா ஒரு கேள்வி வந்திருக்கு.

நேத்து சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்தா சார்ட் சுவத்துல தலைகீழா தொங்குது. ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பையன்தான் மாட்டியிருக்கான். எழுத்தெல்லாம் தலைகீழ், முக்கோணமும் தலைகீழ். "எதுக்குடா?"ன்னா, "இப்பவும் முக்கோணம்தான் டீச்சர், எண்ணிப் பாரு"ங்கறான். ஸ்டூல்ல ஏறினதுக்கு ரெண்டு திட்டு திட்டினேன். சார்ட்டை இன்னும் நிமித்தல. வியாழக்கிழமை சூப்பர்வைசர் மேடம் வராங்க.