ஞாயிற்றுக்கிழமை தடுப்பூசி, பாட்டியை யார் கூட்டிப் போவது?

பெரியப்பா: ஞாயிறு காலை 9 மணிக்கு அரசு சுகாதாரக் குழு நம் பக்கம் ஃப்ளூ தடுப்பூசி முகாம் போடுகிறது. இலவசம். அம்மாவை யார் கூட்டிப் போகிறீர்கள்?

அத்தை: அம்மா வர மாட்டேன் என்கிறாள். போன முறை ஊசி போட்டதால்தான் காய்ச்சல் வந்ததாம்.

சித்தப்பா: எனக்கும் வந்தது.

சித்தி: அந்த ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ். அது ஃப்ளூவை உண்டாக்காது. கை வலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கலாம். பாதுகாப்பு உண்டாக இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வேறெங்காவது தொற்றினால் பழி ஊசி மேல் விழுகிறது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. அதனால்தான் வருடாவருடம் போட வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. விட்டுவிடாதீர்கள்.

அண்ணி: சித்தி, எனக்கு ஆறாம் மாதம். நான் போடலாமா?

சித்தி: போடலாம்மா. 6 மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. நீ போட்டால் அந்தப் பாதுகாப்பு பிள்ளைக்கும் போகும். உன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

பெரியப்பா: சரி, கார்?

சித்தப்பா: என் கார் பழுது.

அத்தை: அம்மாவுக்கு என்றால் மட்டும் பழுது. போன வருடம் நிமோனியா வந்து படுத்தபோதும் எனக்கு மூன்றாம் நாள்தான் சொன்னீர்கள்.

பெரியப்பா: அதை இங்கே பேச வேண்டாம்.

நான்: பாட்டியின் மடக்கு நாற்காலி யாரிடம் இருக்கிறது? வரிசையில் நிற்க முடியாது.

சித்தப்பா: மாடியில்.

சித்தி: படி இறங்க முடியாதவர்களை முகாமுக்கு வா என்றால் எப்படி? மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தே கொண்டுவர வேண்டும். அதற்குப் பெட்டி, வண்டி, வீட்டில் உட்கார்ந்து பயத்தைப் போக்க ஒரு ஆள், எல்லாம் வேண்டும். அரசு அதற்கும் பணம் ஒதுக்கினால்தான் இலவச ஊசி அம்மா மாதிரி ஆட்களுக்குப் போய்ச் சேரும். வீட்டுக்கு வருவார்களா என்று கேளுங்கள் மாமா.

பெரியப்பா: எண் யாரிடம் இருக்கிறது?

நான்: நோட்டீஸில் இருந்தது. தேடுகிறேன்.

அத்தை: அம்மா கேட்கிறாள், ஊசி போடுகிறவருக்குக் கை லேசாக இருக்குமா என்று.

சித்தி: போனை அம்மாவிடம் கொடுங்கள், நான் பேசுகிறேன்.

அத்தை: படுத்துவிட்டாள். காலையில் பேசு.