சலேசிய உடன் உழைப்பாளராகச் சேரச் சொல்கிறார்கள்: ஏற்கெனவே செய்கிற வேலைதானே, சேர்ந்தால் என்ன மாறும்?

மாலைவகுப்பு:

எல்லாருக்கும் இயேசுவுக்கே புகழ். நான் வேலூர் பக்கம், கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை. அலுவலகம் முடிந்ததும், இத்தாலியில் ஏழை இளைஞர்களுக்காக உழைத்த புனித தொன் போஸ்கோ நிறுவிய சலேசிய சபையின் குருக்கள் நடத்தும் இளைஞர் மையத்துக்குப் போய்ப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள், தோல் தொழிற்சாலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், சிலர் சாப்பிடாமலே வந்து உட்காருவார்கள். அங்குள்ள ஃபாதர் கூப்பிட்டு, "நீங்க செய்யறது எல்லாமே தொன் போஸ்கோ வேலைதாம்மா, உடன் உழைப்பாளரா சேர்ந்துடுங்க" என்றார். துறவியாகாமல் வீட்டில் இருந்தபடியே அந்தச் சபையின் பணியில் சேர்கிறவர்களை அப்படிச் சொல்வார்கள். சந்தோஷமாக இருந்தது, ஆனால் வாக்குறுதி எடுக்க வேண்டும் என்று கேட்டதும் யோசனை வந்துவிட்டது.

என் கணவர் இந்து. தடுக்கிற ஆள் இல்லை, வகுப்புக்கு வண்டியில் கொண்டுபோய் விடுவதே அவர்தான். "சிஸ்டர்கள் எடுக்கிற மாதிரியா இதுவும்? சம்பளம், சொத்து எல்லாம் அவங்க சொல்படியா?" என்று கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏற்கெனவே அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) பொறுப்பு, மரியாயின் சேனை என்ற பக்திக் குழுவும் இருக்கிறது. இன்னொரு கூட்டம் என்றால் வீடு தாங்குமா? அதைவிட முக்கியமாக, நாளைக்கும் இதே பிள்ளைகள், இதே கணக்குதானே, சேர்வதால் எனக்குள் என்ன மாறப்போகிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சைக்காரர்:

சகோதரி, நானும் மனைவியும் உடன் உழைப்பாளர்கள்தான். முதலில் உங்கள் கணவரின் கேள்விக்குப் பதில்: இது வார்த்தைப்பாடு அல்ல. துறவிகள் எடுப்பது கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாடுகள், உடன் உழைப்பாளர் எடுப்பது நற்செய்தியைத் தொன் போஸ்கோவின் வழியில் நம் வாழ்க்கை நிலையிலேயே வாழ்வேன் என்கிற வாக்குறுதி. திருமணம், வேலை, வீடு, சம்பளம் எல்லாம் இருந்தபடியே இருக்கும், சொத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். பணம் மனமுவந்து கொடுப்பதுதான்.

இதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் உங்கள் பெரிய கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். தொன் போஸ்கோ தொடக்கத்தில் நினைத்தது, வீட்டில் இருந்தபடியே ஒருவர் சலேசியராக இருக்கலாம் என்றுதான். சபையின் விதிமுறையில் வெளி உறுப்பினர் என்று ஒரு பகுதியே எழுதி வைத்திருந்தார். உரோமையில் உள்ள திருச்சபைத் தலைமை அதை ஒத்துக்கொள்ளவில்லை, 1874-ல் விதிமுறைக்கு ஒப்புதல் கிடைத்தபோது அந்தப் பகுதி இல்லை. மனிதர் விடவில்லை, தனி அமைப்பாகவே ஆரம்பித்தார், 1876 மே 9 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அங்கீகாரம் கொடுத்தார். அடுத்த வருடமே இவர்களுக்கென்று பத்திரிகை தொடங்கினார், அதுதான் இன்றைக்கும் பல மொழிகளில் வருகிற சலேசிய செய்தி மலர். அதாவது குருக்களுக்கு ஆள் பற்றாமல் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்ட துணைப்படை அல்ல நாம், நிறுவனரின் மனதில் முதலிலிருந்தே இருந்தவர்கள்.

அதற்கும் முன்னால் அவருடைய அம்மா இருக்கிறார். மார்கரீத்தா அம்மா விதவை, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயப் பெண். 1846-ல் சொந்த ஊரை விட்டு மகனோடு தூரின் நகரத்தின் வால்தொக்கோவுக்கு வந்து, 1856-ல் இறக்கும்வரை மகன் அங்கே சேர்த்துக்கொண்ட அநாதைப் பையன்களுக்குச் சமைத்து, துணி தைத்து, ராத்திரி புத்தி சொல்லிப் படுக்க வைத்தார். தன் கல்யாணத் துணிகளைக்கூடப் பீடத்துக்காகக் கொடுத்துவிட்டார். அவரைத்தான் முதல் உடன் உழைப்பாளர் என்று நாங்கள் சொல்கிறோம். உங்கள் பிள்ளைகள் சாப்பிடாமல் வருவதைக் கவனித்து இங்கே எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கண் அவரிடம் இருந்து வருகிறது என்பேன்.

1906-ல் சலேசியர்கள் இந்தியாவில் முதன்முதலாகக் கால் வைத்தது எங்கள் தஞ்சாவூரில்தான். அதனால் கொஞ்சம் பெருமையோடு எழுதிவிட்டேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷிஃப்ட்_செல்வம்:

நேரத்தைப் பற்றி மட்டும். எங்கள் உடன் உழைப்பாளர் மையத்தில் மாதம் ஒரு கூட்டம், வருடத்துக்கு ஒருமுறை தியானம், 24-ந்தேதி சகாய அன்னை நினைவுப் பூசை. எனக்கு இரவு ஷிஃப்ட் வந்தால் போக முடியாது, யாரும் முகம் சுளித்ததில்லை அக்கா. முடியாதவர்களுக்கு இடமில்லை என்று யாராவது சொன்னால் முத்திப்பேறு பெற்ற அலெக்சாந்திரினாவைச் சொல்லுங்கள். போர்ச்சுகல் நாட்டுக்காரர், 1925 முதல் சாகும்வரை முப்பது வருடம் படுக்கையிலேயே கிடந்தார், அவரும் உடன் உழைப்பாளர்தான். கூட்டத்துக்கு எங்கே போயிருப்பார்? படுக்கையில் இருந்தே இளைஞர்களுக்காக வேண்டிக்கொண்டார், 2004-ல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவர், அதாவது புனிதர் நிலைக்கு முந்தைய நிலையில் உள்ளவர், என்று அறிவித்தது.

பிரான்சிஸ்கன்_வீடு:

நான் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபை, அதாவது அசிசி புனித பிரான்சிஸின் வழியில் வீட்டில் இருந்தபடியே வாழ்கிறவர்களின் அமைப்பு. சலேசிய அமைப்பைப் பற்றி அவர்களே சொல்லட்டும், எங்கள் பக்கத்தில் இருந்து ஒரு விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் பல பேர் சேரும் முன் ஒரே ஒரு அமைப்பைத்தான் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள்.

எங்களுக்கு 1978-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் அங்கீகரித்த வாழ்க்கை ஒழுங்கு இருக்கிறது. நற்செய்தியில் இருந்து வாழ்க்கைக்கும் வாழ்க்கையில் இருந்து நற்செய்திக்கும் போய் வர வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் கடையில் உட்கார்ந்திருக்கும்போது தராசைப் பார்த்தாலே இது ஞாபகம் வந்துவிடும். எங்கள் சகோதரக் குழுவுக்குத் தலைவர் பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்), தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம், குரு வருவது ஆன்மீகத் துணைக்குத்தான். சேர்ந்தவுடன் வாக்குறுதி கிடையாது, விசாரித்துத் தெரிந்துகொள்ளும் காலம் தனி, அப்புறம் குறைந்தது ஒரு வருடம் உருவாக்கப் பயிற்சி, அதன் பிறகுதான்.

முதல் உறுப்பினர்களாக மரபு சொல்வது ஒரு தம்பதியை. போஜிபோன்சி ஊர் லுக்கேசியோவும் மனைவி போனதோன்னாவும். லாபம் ஒன்றே குறியாக இருந்த வியாபாரி, மனம் மாறி இருந்ததை ஏழைகளுக்கு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார், மனைவி முதலில் சண்டை போட்டு அப்புறம் கூடச் சேர்ந்துகொண்டார். துறவு மடத்துக்குள் போகவில்லை, வீட்டையே அப்படி நடத்தினார்கள். உங்கள் வீட்டில் பேச்சு வந்தால் இவர்கள் கதையைச் சொல்லுங்கள்.

கேட்டுச்_சேருங்கள்:

எல்லோரும் நல்லதைச் சொல்கிறீர்கள், நானும் மனதாரச் சொல்கிறேன், கொஞ்சம் நிதானியுங்கள். நான் வேறு ஒரு சபையில் துணை உறுப்பினராக இருந்தேன். ஜூபிலிக்கு நாற்காலி போட, சாப்பாடு பரிமாற, நன்கொடை ரசீதுப் புத்தகம் விற்க எங்களைக் கூப்பிட்டார்கள். சந்தோஷமாகச் செய்தோம். ஆனால் அந்தச் சபையை நிறுவியவர் எப்படிச் செபித்தார், எதற்காக அழுதார், ஏழைகளிடம் எப்படிப் பேசினார் என்று எங்களுக்கு யாரும் ஒரு வகுப்புகூட எடுக்கவில்லை. பங்குக்குழுவில் செய்வதற்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

அதனால் ஃபாதரிடம் நேராகக் கேளுங்கள்: என்ன பயிற்சி தருவீர்கள், யார் தருவார்கள், எவ்வளவு காலம்? பதில் தெளிவாக வந்தால் சேருங்கள். மழுப்பினால் கணக்கு வகுப்பை மட்டும் தொடருங்கள், அது உங்களுடையது.

ஒரு_சிஸ்டர்:

மேலே எழுதியவரின் வருத்தம் நியாயமானது, அதை நான் தட்டிவிட மாட்டேன். நான் துறவற சபையில்தான் இருக்கிறேன், எங்கள் சபையிலும் துணை உறுப்பினர்கள் உண்டு. கைக்கு ஆள் வேண்டும் என்று மட்டும் பொதுநிலையினரைச் சேர்க்கிற சபை தன் நிறுவனரையே மறந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். திருச்சபைச் சட்டம் 303 மூன்றாம் சபைகளைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்வது வேலையை அல்ல, அந்தத் துறவற சபையின் மனநிலையில் பங்கெடுப்பதை. உலகத்தின் நடுவில் வாழ்ந்துகொண்டே, அந்த மனநிலையோடு திருத்தூதுப் பணியும் புனித வாழ்வும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996-ல் துறவு வாழ்வைப் பற்றி எழுதிய மடலில் இன்னும் ஒரு படி போய், பொதுநிலையினர் கலந்துகொள்ளும்போது சபையின் தனிவரத்தில் (நிறுவனர் வழியாகச் சபைக்குக் கிடைத்த சிறப்பு அருளில்) துறவிகளுக்கே தெரியாமல் இருந்த ஆழம் வெளியே வரும் என்கிறார்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மன்னிப்பைப் பற்றி நாங்கள் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ஆனால் எங்கள் துணை உறுப்பினர் ஒருவர், மாமியாரோடு பல வருடம் பேசாமல் இருந்து, அப்புறம் அவருடைய கடைசிக் காலத்தில் மலம் அள்ளிப் பார்த்துக்கொண்டதைச் செபக்கூட்டத்தில் பகிர்ந்தபோது, எங்கள் நிறுவனத் தாயின் கடிதங்களை நான் வேறு விதமாகப் படிக்க ஆரம்பித்தேன். அவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுப்பது மட்டுமல்ல இது.

சகோதரி, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: வகுப்பு அதேதான். ஆனால் ஒரு பிள்ளை மூன்றாம் முறையும் ஃபெயில் ஆகி, உங்களுக்குக் கோபம் வரும் நாளில் எங்கே போய் நிற்பீர்கள் என்பது மாறும். அறிவு, சமயப்பற்று, பாசம் என்ற தொன் போஸ்கோவின் மூன்றையும் பிடித்துக்கொண்டு, உங்களைப் போலவே முயலும் ஆட்களோடு நிற்பீர்கள். தனியாகச் செய்பவர்கள் களைத்துப் போவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

மாலைவகுப்பு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சிஸ்டர், நீங்கள் எழுதியதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கூட்டத்துக்கு நானும் வந்து உட்காரலாமா?" என்றார். அது முடியுமா தஞ்சை அண்ணா? பயிற்சி பற்றியும் ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரிடம் கேட்கப் போகிறேன்.

தஞ்சைக்காரர்:

தாராளமாகக் கூட்டி வாங்க. வாக்குறுதி எடுப்பது கத்தோலிக்கருக்குத்தான், ஆனால் தொன் போஸ்கோவின் நண்பராக வருகிறவருக்குக் கதவு திறந்தே இருக்கும், ஜனவரி 31 திருவிழாவில் எங்கள் ஊரில் ஓடியாடி வேலை செய்வதில் பாதிப் பேர் இந்து நண்பர்கள். உங்களுக்கும் அவசரம் இல்லை, முதலில் சும்மா வந்து உட்கார்ந்து பாருங்கள், பயிற்சிக் காலத்தில் இது நமக்கு இல்லை என்று தோன்றினால் நிறுத்திக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஃபாதரிடம் பேசும்போது உங்கள் பகுதி மையத்தின் ஒருங்கிணைப்பாளர் யார் என்றும் கேட்டு வாங்குங்கள். அவர் பெரும்பாலும் நம்மைப் போலக் குடும்பஸ்தராகத்தான் இருப்பார், வீடு தாங்குமா என்ற கேள்வியை அவரிடமும் அவர் வீட்டம்மாவிடமும் உட்கார்ந்து பேசுங்கள்.