ஆர்எக்ஸ் 100: கியர் ஆயில் காணாமப் போகுது, அடியில சத்தம். என்ஜின் பிரிக்க உதவுங்க

கேள்வி (விருதுநகர்)
வணக்கம். மாமா ஓட்டிட்டு எனக்குக் கொடுத்த 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. ரெண்டு மாசமா பின்னாடி வர்றவங்களை மறைக்கிற அளவுக்கு வெள்ளைப் புகை. 2டி ஆயில் (பெட்ரோலோட சேர்ந்து எரியிற டூ-ஸ்ட்ரோக் என்ஜின் ஆயில்) பம்ப்னு நெனச்சு குறைச்சு வச்சேன், மாறல. நேத்து கியர் ஆயிலை வடிச்சா, ஊத்தினது 650 மில்லி, வந்தது 400கூட இல்ல. வெளியில ஒரு சொட்டு ஒழுகல. 40-ல போனா அடியில 'கடகட'ன்னு சத்தம் வேற. மெக்கானிக் சீல் மாத்தினா போதும்ங்கிறார். நானே பிரிக்க ஆசை. ஹெட், பிளாக் இறக்கின அனுபவம் உண்டு, கிராங்க் கேஸ் (கிராங்கும் கியரும் உள்ள இருக்கிற அடிப்பெட்டி) தொட்டதில்ல.

பதில் (சேலம்)
கிளட்ச் பக்க கிராங்க் ஆயில் சீல் (கியர் ஆயில் உள்ள வராம தடுக்கிற ரப்பர் வளையம்) போயிருச்சு தம்பி. அந்த வழியா கியர் ஆயிலை என்ஜின் உறிஞ்சி எரிக்குது. 2டி பம்பைக் குறைச்சதை உடனே பழையபடி வைங்க, இல்லேன்னா ஆயில் பத்தாம பிஸ்டன் சிக்கிப் பிடிச்சிரும். கிராங்கோட மறுபக்கம், மேக்னட் பக்க சீலையும் சேர்த்து மாத்துங்க. அது போனா காத்து உறிஞ்சி, ஆக்சிலேட்டர் விட்டாலும் ஐடில் இறங்காது.

பதில் (கோவில்பட்டி)
சீல் சரி, ஆனா அந்தச் சத்தம்? கிராங்கைத் தாங்குற மெயின் பேரிங் தேஞ்சு கிராங்க் ஆடினா, புது சீலும் சீக்கிரமே கிழியும். முதல்ல பிளாக்கை இறக்குங்க. கனெக்டிங் ராடை (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற தண்டு) உச்சிக்குக் கொண்டுவந்து, கட்டைவிரலால பிடிச்சு மேலயும் கீழயும் இழுங்க. துளி ஆட்டம்கூட இருக்கக்கூடாது. பக்கவாட்டுல கொஞ்சம் நகரும், அது தேவையான இடைவெளி. நிறைய பேர் அதைப் பார்த்து நல்ல ராடைத் தூக்கிப் போட்டுர்றாங்க. ராடோட மேல் முனை பக்கவாட்டுல சாயறது 1 மில்லிமீட்டர் வரைக்கும் சரி, 2 தாண்டினா கிட் (ராட், பின், பேரிங் சேர்ந்த செட்) மாத்தணும்.

கேட்டவர்
பார்த்துட்டேன் அண்ணே. இழுக்கும்போது 'டிக்'னு விரல்ல தட்டுது. பிரிச்சே ஆகணும் போல.

பதில் (கோவில்பட்டி)
அப்ப ராடோட பெரிய முனை (கிராங்கோட சேர்ற கீழ் முனை) பேரிங் தேஞ்சிருக்கு. என்ஜினை வண்டியில இருந்து இறக்கிறதுக்கு முன்னாடியே பெரிய நட் எல்லாத்தையும் தளர்த்திருங்க. கியர்ல போட்டு, ஒருத்தரை பின் பிரேக்கை மிதிக்கச் சொன்னா என்ஜின் சுத்தாம நிக்கும். கிளட்ச் பிளேட்டைக் கழற்றாம இருக்கும்போதே பிரைமரி கியர் (கிராங்க்ல இருந்து கிளட்சைச் சுத்துற கியர்) நட்டை அப்படியே தளர்த்தலாம். கீழ இறக்கின பிறகு என்ஜினைப் பிடிச்சு நிறுத்த எதுவும் இருக்காது. மேக்னட்டுக்கு அதோட புல்லர் (இழுத்துக் கழற்றுற கருவி) மட்டும்தான், சுத்தியல் வேண்டாம்.

கவர் ஸ்க்ரூ ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீளம். அட்டையில கவர் படம் வரைஞ்சு, அந்தந்த இடத்துல ஓட்டை போட்டுக் குத்தி வைங்க.

கேஸ் ரெண்டையும் பிரிக்க இடையில ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க. அலுமினிய முகத்துல ஒரு கீறல் விழுந்தாலும் அங்கதான் காத்து இழுக்கும். எல்லா ஸ்க்ரூவும் எடுத்தாச்சான்னு ரெண்டு தடவை எண்ணி, பிளாஸ்டிக் சுத்தியலால தட்டுங்க. கிட் மாத்த லேத்துல கொடுக்கும்போது, கிராங்க் சுத்தும்போது ஆடுற அளவு (ரன்-அவுட்) 0.03 மில்லிமீட்டருக்குள்ள இருக்கான்னு டயல் கேஜ்ல காட்டச் சொல்லி, நின்னு பார்த்து வாங்குங்க.

கேட்டவர் (9 நாள் கழிச்சு)
கேஸ் கீறல் இல்லாம பிரிஞ்சது. பழைய சீலோட உதடு நகம் மாதிரி இறுகிக் கிடந்தது. லேத்துல 0.02 காட்டினாங்க. கேஸை சூடுபண்ணினதும் பேரிங் தன்னால இறங்குச்சு. பூட்டியாச்சு. ஸ்டார்ட் பண்ணலாமா?

பதில் (சேலம்)
கொஞ்சம் இருங்க. 2டி ட்யூபைக் கழற்றியிருப்பீங்க, உள்ள காத்து நிக்கும். பம்ப்ல இருக்கிற பிளீட் ஸ்க்ரூவை (காத்தை வெளியேத்துற ஸ்க்ரூ) திறந்து, குமிழி இல்லாம ஆயில் வந்ததும் மூடுங்க. முதல் ஒரு லிட்டர் பெட்ரோல்ல 40 மில்லி 2டி ஆயில் கலந்தே ஊத்துங்க. கியர் ஆயில் ஊத்தினீங்களா?

கேட்டவர்
இல்லண்ணே! இப்பவே ஊத்துறேன்.