ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு அப்புறம் எதைக் கேட்பது?

கொங்குக்காற்று:
பதினைந்து நாளாக நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டு, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான், கரகரப்பு வேறு, ஆனாலும் ராத்திரி சாப்பிட்டதும் ஹெட்போனை எடுத்து மாட்டாமல் இருக்க முடியவில்லை. சின்ன வயதில் வர்ணம் வரைக்கும் பாட்டு கற்றிருக்கிறேன். ராக ஆலாபனை (பாட்டு வரியும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரிப்பது) என்றால் பெரிதாக ஒட்டியதில்லை, இந்த ஒரு தட்டு அதை மாற்றிவிட்டது. இதே தோடியில் அடுத்து யாருடைய பதிவைக் கேட்கலாம்? வாய்ப்பாட்டு, வீணை, குழல் எதுவானாலும் சரி. இன்னொன்று, இதே தட்டை இணையத்தில் இரண்டு இடத்தில் கேட்டேன், ஒன்றில் சுருதி தூக்கலாக இருக்கிறது. எது சரியானது?

காவிரிக்கரை:
நல்ல இடத்தில்தான் ஆரம்பித்திருக்கிறீர்கள். அதே வழியில் போவதென்றால் காருகுறிச்சி அருணாசலம். பிள்ளையவர்களின் சீடர். 'சிங்கார வேலனே' பாட்டில் ஜானகி அம்மா குரலோடு போட்டி போடும் நாதஸ்வரம் அவருடையதுதான், அதைக் கேட்காத தமிழர் குறைவு, ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறோமே என்பது என் வருத்தம். அவருடைய நீண்ட ராக ஆலாபனைப் பதிவு ஒன்றைத் தேடி எடுத்து முழுதாகக் கேளுங்கள், குழைவு என்றால் என்னவென்று தெரியும். 1964இல் நாற்பது சொச்சம் வயதிலேயே போய்விட்டார், அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. அப்புறம் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திராவிலிருந்து வந்து ஸ்ரீரங்கத்திலேயே தங்கி, தஞ்சாவூர் பாணியை விரும்பிக் கற்று வாசித்தவர். அவர் வாசிப்பில் அவசரமே இருக்காது.

வாய்ப்பாட்டுக்கு ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்பிரமணியம்). அவருடைய ராக ஆலாபனையில் நாதஸ்வரத்தின் சாயல், முக்கியமாகப் பிள்ளையின் சாயல் இருக்கிறது என்று ரசிகர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் உங்களுக்கே புரியும், அந்தப் பிருகா (ஸ்வரங்களை அதிவேகமாக உதிர்ப்பது) எங்கிருந்து வந்தது என்று.

அரைக்கட்டை:
சுருதி கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இதில்தான் நிறைய நேரம் செலவழித்திருக்கிறேன். 78 என்று சொன்னாலும் அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாமே சரியாக 78 சுற்றில் பதிவானவை இல்லை, அப்புறம் அதை யாரோ கேசட்டில் ஏற்றி, அந்த கேசட்டை மோட்டார் ஓடாய்த் தேய்ந்த பிளேயரில் போட்டு கம்ப்யூட்டருக்கு மாற்றியிருப்பார்கள். வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடினாலே சுருதி அரைக்கட்டை (ஹார்மோனியத்தில் அடுத்த கட்டை அளவு) ஏறிவிடும். சுருதி மட்டுமா, காலப்பிரமாணமும் (வாசிப்பின் வேகம்) ஓடும், கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழைப்பது) எல்லாம் நடுக்கம் மாதிரி ஆகிவிடும். தோடிக்கு இதைவிடப் பெரிய கெடுதல் வேண்டாம்.

எது சரி என்று தட்டை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அதே வித்வானின் வேறு நாலைந்து பதிவுகளின் சுருதியைத் தம்புரா செயலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தவிலின் நாதத்தையும் கவனியுங்கள், வேகம் கூடினால் தவில் மெலிந்து 'டொக் டொக்' என்று கேட்கும். திருத்துவதாக இருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்தச் செயலியில் வேகத்தை மாற்றுங்கள், சுருதியை மட்டும் மாற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்துதான் கெட்டது, சேர்ந்துதான் சரியாக வேண்டும்.

மேலவீதி:
கொஞ்சம் மாறுபடுகிறேன். இன்னும் இன்னும் ஆலாபனையாகக் கேட்பதைவிட ஒரு பாட்டை மனதில் ஏற்றிக்கொண்டால் ராகம் கைக்கு வரும் என்பது என் அனுபவம். சியாமா சாஸ்திரியின் 'ராவே ஹிமகிரி குமாரி' ஸ்வரஜதியை எடுத்துக்கொள்ளுங்கள், எம்.எஸ். அம்மா பாடியது இருக்கிறது. வர்ணம் வரை கற்றவருக்கு அதன் ஸ்வரங்கள் புரியும். தமிழில் வேண்டுமென்றால் ஊத்துக்காடு வேங்கடசுப்பையரின் 'தாயே யசோதா', அதுவும் தோடிதான். இரண்டையும் கூடவே முணுமுணுக்கிற அளவுக்குக் கேட்டுவிட்டு அந்த மூன்று நிமிஷத் தட்டுக்குத் திரும்புங்கள்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் கவனியுங்கள்: காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம். ஹார்மோனியத்தில் 'சாதாரண காந்தாரம்' என்கிற கட்டையை அழுத்தினால் தோடி வராது. ரிஷபத்துக்கும் ('ரி') மத்தியமத்துக்கும் ('ம') நடுவே அது ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தின் அளவும் வேகமும்தான் ஒவ்வொரு வித்வானின் கையெழுத்து. வீணையில் இதைக் காதால் மட்டுமல்ல, கண்ணாலும் பார்க்கலாம், மெட்டில் (வீணையின் தண்டியில் வரிசையாக இருக்கும் உலோகக் கட்டை) தந்தியை இழுத்து இழுத்துத்தான் பிடிப்பார்கள். எஸ். பாலச்சந்தரைக் கேளுங்கள், ஒரே மெட்டில் எத்தனை ஸ்வரத்தை இழுக்கிறார் என்று. குழலுக்கு மாலி, ஆனால் 'டி.ஆர். மகாலிங்கம்' என்று தேடினால் சினிமாவில் பாடி நடித்தவர்தான் முதலில் வருவார், 'மாலி' என்றே தேடுங்கள்.

காவிரிக்கரை:
மேலவீதி சொன்னதில் காந்தார விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் ஆலாபனையைத் தள்ளிப்போட மாட்டேன். சுவாமி புறப்பாட்டில் பிள்ளையவர்கள் மணிக்கணக்கில் தோடி வாசித்ததாக எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி வாசித்தவரிடம் மூன்று நிமிஷம்தான் என்று சொன்னால் என்ன செய்வார்? எதை விடலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தட்டில் வீணான ஒரு பிடி (ஸ்வரக்கோவை) கிடையாது, அதனால்தான் பதினைந்து நாள் கேட்டும் அலுக்கவில்லை.

கொங்குக்காற்று:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு 'தாயே யசோதா'வை நாலு தரம் கேட்டுவிட்டு இசைத்தட்டுக்குப் போனேன். தூக்கலாக இருந்த பதிவில் தவில் அரைக்கட்டை சொன்ன மாதிரியே மெலிந்துதான் கேட்கிறது, அதை ஒதுக்கிவிட்டேன். காந்தாரம் ஆடுவது இப்போது தெரிகிறது, ஆனால் ஆரம்பத்தில் ஒரு இடத்தில் அது ஆடாமல் நின்ற மாதிரி ஒரு நொடி தோன்றுகிறது. நிஜமாகவே நிற்கிறதா, இல்லை கரகரப்பில் எனக்குத்தான் அப்படிக் கேட்கிறதா? தட்டு வைத்திருப்பவர்கள் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.