அயனி நீராவி ஸ்டீமர்: பார்லருக்கு வாங்கலாமா?

கேள்வி: காவிரிக்கரை

வணக்கம். ஈரோட்டில் பெண்களுக்கான சிறிய பியூட்டி பார்லர் ஒன்றை நடத்தி வருகிறேன். ஹேர் ஸ்பாவுக்குச் சூடான துண்டும், தலைக்கு மேல் கவிழ்க்கும் சாதாரண ஸ்டீமரும்தான் எங்களிடம் உள்ளன. அண்மையில் ஒரு விற்பனைப் பிரதிநிதி அயனி நீராவி ஸ்டீமர் ஒன்றைக் காட்டிச் சென்றார். அது தண்ணீரை நானோ அளவுக்கு உடைத்து, எதிர்மின் அயனிகளை, அதாவது எதிர்மின்னூட்டமுள்ள நுண்துகள்களை, ஏற்றி அனுப்புவதால், சாதாரண நீராவி எட்டாத முடியின் உட்பகுதிக்குள்ளும் புகுந்துவிடும் என்றார். ப்ளீச்சாலும் ஸ்ட்ரெய்ட்டனிங்காலும் கெட்டுப்போன முடி பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்றும் உறுதியாகச் சொன்னார். விலையோ சாதாரண ஸ்டீமரின் விலையைப் போலப் பல மடங்கு.

அயனி சேர்ந்த நீராவிக்கும் வெறும் நீராவிக்கும் முடியில் உண்மையிலேயே வேறுபாடு தெரியுமா? எங்கள் கடைக்கு வருவது உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீர். அதை இந்தக் கருவியில் ஊற்றலாமா? என்னை நம்பி வருகிறவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பதில்: ஆய்வகவாசி

வணக்கம். முடிப் பராமரிப்புப் பொருட்களுக்கான ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும், ஆனால் சற்று விரிவாக, பதில் சொல்கிறேன்.

ஒரு நீர் மூலக்கூறின் குறுக்களவு ஏறக்குறைய 0.28 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). நீராவி என்பதே தனித்தனி மூலக்கூறுகளாகப் பிரிந்துவிட்ட தண்ணீர்தான். அதற்கு மேல் அதைச் சிறிதாக்க எந்தக் கருவியாலும் இயலாது. ஸ்டீமரிலிருந்து வெண்புகையாக நம் கண்ணுக்குத் தெரிவது, ஆவி குளிர்ந்து மீண்டும் துளியான நீர். 20 நானோமீட்டர் அளவுள்ள ஒரு நானோ துளியில்கூட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் இருக்கும். எனவே சாதாரண ஆவி நுழைய முடியாத இடத்தில் நானோ துளி நுழைகிறது என்பது தலைகீழான வாதம்.

முடிக்குள் தண்ணீரைப் புகுத்துவது கடினமான வேலையே அன்று. முடியை வெறுமனே நனைத்தாலே, அது தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, குறுக்கே சுமார் 15 விழுக்காடு பருக்கிறது. நீளத்தில் 1 அல்லது 2 விழுக்காடுதான் கூடுகிறது. அவ்வாறு பருக்கும்போது மேலுறையாகிய கியூட்டிக்கிளின் செதில்கள் சற்றே விலகுகின்றன. வெப்பமும் சேர்ந்தால், தடவியிருக்கும் கிரீமின் சிறு மூலக்கூறுகள் உள்ளே பரவும் வேகம் கூடுகிறது. ஸ்டீமர் தரும் பயன் இதுதான். அது உண்மையான பயன். ஆனால் அதற்கு அயனி தேவைப்படவில்லை.

அயனி என்பதே பொய் என்றும் சொல்லிவிட முடியாது. அருவியில் நீர் சிதறும்போது சுற்றியுள்ள காற்று எதிர்மின்னூட்டம் பெறுவதை இயற்பியலாளர் ஃபிலிப் லெனார்டு 1892-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். ஜப்பானின் பானசோனிக் நிறுவனம் தன் ஹேர் டிரையர்களில், காற்றிலுள்ள ஈரத்தைக் குளிர்வித்துத் துளியாக்கி, உயர் மின்னழுத்தத்தால் அதைச் சிதறடித்து அனுப்பும் முறையைப் பயன்படுத்துகிறது. உலர்ந்த முடியைப் பிளாஸ்டிக் சீப்பால் வாரும்போது முடியில் நேர்மின்னூட்டம் சேர்கிறது. இழைகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு பறக்கின்றன. எதிர்மின் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்து முடியைப் படிய வைக்கின்றன. ஆனால் இவையெல்லாம் உலர்ந்த முடிக்குத்தான் பொருந்தும். ஈர முடியில் இப்படி உரசலால் சேரும் மின்னூட்டம் தங்காது. நனைந்து, கிரீம் பூசி, ஆவிக்கு அடியில் இருக்கும் தலையில் சமன் செய்வதற்கு நிலைமின்சாரமே இல்லையென்றால், அங்கே அயனிக்கு என்ன வேலை? அயனி பயன்படக்கூடிய இடம் கடைசியில் பிடிக்கும் டிரையர்தான். அதுவும் குளிர்கால ஜப்பானின் வறண்ட காற்றில் தெரியும் அளவுக்கு, நம் ஊர் ஐப்பசி ஈரக்காற்றில் தெரியாது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சேதமான முடி, கழுவும் நீரில் எதிர்மின்னூட்டத்தோடுதான் இருக்கிறது. கண்டிஷனரில் நேர்மின்னூட்டமுள்ள பொருட்களைச் சேர்ப்பதே, அவை அந்த எதிர்மின் இடங்களில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே ஈர முடிக்கு மேலும் எதிர்மின்னூட்டம் தருவதைப் புதுப்பித்தல் என்று அழைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

பழைய நிலைக்குத் திரும்பும் என்ற வாக்குறுதியை மட்டும் எக்காரணம் கொண்டும் வாடிக்கையாளர்களிடம் திருப்பிச் சொல்லாதீர்கள். தண்ணீரும் வெப்பமும் தளர்த்துவது ஹைட்ரஜன் பிணைப்புகளை. அவை முடி உலர்ந்ததும் தாமாகவே மீண்டும் சேரும். ப்ளீச் அறுப்பது முடியின் புரதமான கெரட்டினின் கந்தகப் பிணைப்புகளை. அதோடு மேலுறையில் இயற்கையாக ஒட்டியிருக்கும் கொழுப்புப் படலத்தையும் அது அகற்றிவிடுகிறது. இவ்விரண்டையும் எந்த ஆவியும் திரும்பக் கட்டித் தராது.

பதில்: சீப்பும் கத்தரியும்

நீண்ட காலமாகச் சலூன் வேலையில் இருப்பவள் என்ற முறையில், வாங்கும் முன் நீங்கள் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன், சகோதரி.

முதலில், அந்தக் கருவி தண்ணீரைக் கொதிக்க வைக்கிறதா, அல்லது மீயொலி அதிர்வால் பனிபோலத் தூவுகிறதா என்று கேளுங்கள். இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். கொதிக்க வைக்கும் கருவியில் உப்பு உள்ளேயே தங்கி, சூடேற்றும் கம்பியின் மேல் வெள்ளையாகப் படியும். கம்பி விரைவில் கெடும், ஆவியோடு சுடுநீரும் தெறிக்கும். தூவும் கருவியிலோ தண்ணீரிலுள்ள உப்பு அப்படியே துளியோடு வெளியேறி, தலையிலும் அறையிலும் மாவாகப் படிவதோடு மூச்சிலும் போகும். ஆகவே இரண்டிலும் போர்வெல் தண்ணீர் கூடாது. காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். தூவும் கருவியில் பழைய தண்ணீரை ஒருபோதும் தேங்க விடாதீர்கள். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் வளரும். கொதிக்காத துளியோடு அவை நேரே நுரையீரலுக்குப் போய்ச் சேரும். இரவு கடை மூடும்போது தொட்டியைக் காலி செய்து, துடைத்து, திறந்தே வைத்துவிட்டுச் செல்வது எங்கள் வழக்கம்.

இரண்டாவது, ஓசோன் பொத்தான். பல ஸ்டீமர்களில் நீல விளக்கு ஒன்று இருக்கும்; அதை அயனி என்றே சொல்லி விற்கிறவர்களும் உண்டு. அது புற ஊதா விளக்காக இருந்தால் ஓசோனை உண்டாக்கக்கூடும். ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. மூடிய அறைக்குள் மருத்துவக் கருவிகள் சேர்க்கக்கூடிய ஓசோனுக்கு அமெரிக்க அரசு வைத்திருக்கும் வரம்பு பத்து லட்சத்தில் 0.05 பங்குதான். உங்கள் வாடிக்கையாளர் ஒருமுறை வந்து போகிறார். உங்களிடம் வேலை செய்யும் பெண்களோ ஏ.சி. போட்டு மூடிய அறையில் நாள் முழுவதும் அதைச் சுவாசிக்கிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். அந்தப் பொத்தானை அணைத்து வைக்க முடியாத கருவியை நான் வாங்க மாட்டேன்.

யாருக்குப் பயன் தெரியும் என்று கேட்டால், தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் நனையாமல் முத்து முத்தாக வழிந்தோடும் அடர்ந்த முடிக்கு நன்றாகத் தெரியும். ப்ளீச் செய்து பஞ்சுபோல ஆகிவிட்ட முடி ஏற்கெனவே தண்ணீரைத் தாராளமாக உறிஞ்சுவதால், அதை நீண்ட நேரம் ஆவியில் வைக்காதீர்கள். நனைந்து பருத்த நிலையில் அது மேலும் வலுவிழந்து, சீப்புப் பட்டாலே அறுந்துவிடும். புதிதாகச் சாயம் ஏற்றிய தலைக்கும் சில நாட்கள் ஆவி வேண்டாம், நிறம் வெளுக்கும்.

பதில்: சுருள்முடிக்காரி

நான் பார்லர் நடத்துபவள் அல்லள். பணம் கொடுத்து ஆவி பிடித்துக்கொள்ளும் தரப்பைச் சேர்ந்தவள். அடர்ந்த சுருள் முடி எனக்கு. ஆவியில் வைத்த கண்டிஷனருக்கும் வெறுமனே தடவிக் கழுவிய கண்டிஷனருக்கும் உள்ள வேறுபாடு, சிக்கெடுக்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அது அடுத்த ஓரிரு தலைக்குளியல் வரை இருக்கும், அவ்வளவுதான். அதை அப்படியே சொல்லும் கடைக்கு நான் மனமுவந்து பணம் கொடுப்பேன். முடி முளைக்கும், நுனிப்பிளவு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லும் கடைக்கு மறுமுறை போக மாட்டேன்.

ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சில ஸ்மூத்தனிங், கெரட்டின் கிரீம்களிலிருந்து சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வெளிவருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ஆம் ஆண்டிலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. கிரீம் உள்ளே இறங்கட்டும் என்று நினைத்து அத்தகைய தலைகளை ஸ்டீமருக்கு அடியில் தயவுசெய்து உட்கார வைக்காதீர்கள்.

எண்ணெய் வைத்து ஆவி பிடிக்கும் வழக்கம் உங்கள் கடையில் இருந்தால், தேங்காய் எண்ணெயே போதும். தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே சென்று புரத இழப்பைக் குறைப்பதையும், மினரல் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு செய்யாததையும் 2003-இல் இந்தியாவிலிருந்தே வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் வீட்டுப் பெரியவர்கள் வெதுவெதுப்பான எண்ணெயை முந்தைய நாள் இரவே தேய்த்து வைத்ததில் நியாயம் இருக்கிறது.

காவிரிக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தண்ணீர் பற்றியும் ஓசோன் பற்றியும் அந்தப் பிரதிநிதி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் அடுத்த வாரம் கருவியுடன் கடைக்கே வந்து செய்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது அயனியால் பயன் உண்டா என்பதை நானே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?

பதில்: சீப்பும் கத்தரியும்

இருக்கிறது. உங்கள் கடைப் பெண்களில் சம்மதிக்கும் ஒருவரின் தலையை நடு வகிடெடுத்து இரண்டாகப் பிரியுங்கள். இருபுறமும் ஒரே கிரீமை ஒரே அளவில் தடவுங்கள். ஒரு பக்கத்தைப் பிளாஸ்டிக் தொப்பியால் மூடிவிட்டு, மறுபக்கத்துக்கு அயனியைப் போட்டு ஆவி காட்டச் சொல்லுங்கள்; பிறகு மூடியதைத் திறந்து, இதை மூடி, அயனியை அணைத்துவிட்டு அதே நேரம் காட்டச் சொல்லுங்கள். ஒரே தண்ணீரில் அலசி, ஒரே டிரையரில் உலர்த்துங்கள். எந்தப் பக்கத்துக்கு அயனி காட்டினீர்கள் என்பதை அறியாத மற்றொரு பெண்ணை அழைத்து, இருபுறமும் சீப்பால் வாரச் சொல்லி, எது எளிதாக இறங்குகிறது என்று கேளுங்கள். ஒரே தலையை வைத்து முடிவு செய்யாமல், வேறு வகை முடி உள்ள இன்னும் ஓரிருவருக்கும், பக்கத்தையும் முறையையும் மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள். அயனியைத் தனியாக அணைக்க முடியாது என்று அவர் சொன்னால், உங்கள் பழைய ஸ்டீமரையே மறுபக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.